மலை எங்கே தம்பி? திருகோணமலை வயல்வெளிகளில் மவுண்டன் சைக்கிள் ஓட ஒரு முழு வழிகாட்டி

தடித்த ரயரோடு கியர் சைக்கிள் ஒன்றை வாங்கி வீட்டு வாசலில் நிறுத்தியதும் பக்கத்து வீட்டு ஐயா கேட்டார்: "இது மலை ஏறுற சைக்கிளாமே. மலை எங்கை தம்பி?" நியாயமான கேள்வி. ஊரின் பெயரில் மலை இருக்கிறது, கோணேசர் கோயில் அதன் உச்சியில் இருக்கிறது, ஆனால் அங்கே சைக்கிள் ஓடப் போகிறவர் யாருமில்லை. மற்றப்படி உப்புவெளி தொடங்கி மூதூர் வரை எல்லாம் தட்டை நிலம். வயல், குளக்கட்டு, வாய்க்கால் கரை, களப்பு, பனங்காடு.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. மூச்சு வாங்கும் ஏற்றமும் இல்லை, உருண்டு விழும் இறக்கமும் இல்லை. ஆனால் "தட்டை நிலம்தானே" என்று பத்து மணிக்குப் புறப்பட்டவர்கள் ஓட்டோவில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு வந்த கதைகள் பல உண்டு. அதில் ஒன்று என்னுடையது. இங்கே ஒரு பாதை சுகமா கடினமா என்பதைக் கிலோமீற்றர் சொல்லாது. வெயில், காற்று, மணல், முள் என்ற நான்கும்தான் சொல்லும். இந்த வழிகாட்டியை அந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்.

முதலில் மாதத்தைப் பாருங்கள், பிறகு மணியை

ஐப்பசி தொடங்கித் தை நடுப்பகுதி வரை நமக்கு மாரி. கார்த்திகை, மார்கழியில் குளங்கள் நிரம்பி வான் பாயும், வாய்க்கால் கரைகள் சேறாகும். சிவப்புக் கிரவலில் களிமண் கலந்திருந்தால் அது ரயரோடு ஒட்டிச் சுருண்டு பிறேக்குக்கு இடையில் அடைத்துவிடும். பிறகு சைக்கிளைத் தோளில்தான் சுமக்க வேண்டும். அந்த மாதங்களில் தார் வீதியோடு நில்லுங்கள்.

தைப்பொங்கல் கழிந்து சித்திரை வரை அருமையான காலம். பெரும்போகப் பயிர் முதலில் பச்சையாக இருந்து மாசி, பங்குனியில் பொன்னாகும். காலையில் பனிகூட இருக்கும். நிலம் இறுகியிருக்கும். முதல் ஓட்டத்தை இந்த மூன்று மாதங்களுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

வைகாசிக்குப் பிறகு வருவது கச்சான். கடலையையும் நாங்கள் கச்சான் என்றுதான் சொல்கிறோம், ஆனால் இந்தக் கச்சானைக் கொறிக்க முடியாது. தென்மேற்கிலிருந்து, மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு ஈரமில்லாமல் இறங்கி வரும் காற்று. ஒன்பது, பத்து மணிக்கு எழும்பும். அடுப்பு வாயைத் திறந்தது போல முகத்தில் அடிக்கும். வியர்வை வந்த சுவடே தெரியாமல் உலர்ந்துவிடும். உடம்பில் தண்ணீர் குறைவதை நீங்கள் உணராததற்கு அதுதான் காரணம். ஆனி, ஆடி, ஆவணியில் விடியற்காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு ஒன்பதுக்குள் நிழலுக்கு வந்துவிட வேண்டும். இதில் பேச்சுக்கு இடமில்லை.

காற்றின் திசையை வைத்துப் பாதையைத் தெரிவு செய்வதை யாரும் சொல்லித் தருவதில்லை, நானும் பட்டுத்தான் படித்தேன். கணக்கு எளிது: போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது முதுகுக் காற்று. தம்பலகாமம் நகரத்துக்குத் தென்மேற்கே இருக்கிறது. அதனால் கச்சான் மாதங்களில் காலைக் காற்று எழும்பாத நேரம் அங்கே போய்விட்டால், வெயில் தாழ்ந்து திரும்பி வரும்போது கச்சானே தள்ளிக்கொண்டு வரும். மார்கழி, தை மாதங்களில் வாடை வடகிழக்கிலிருந்து வீசும். அப்போது நிலாவெளிப் பக்கம் எதிர்த்துப் போய் முதுகுக் காற்றோடு வீட்டுக்கு வரலாம். மாறிச் செய்தால் களைத்த காலோடு சுவரைத் தள்ளுவது போலிருக்கும்.

சைக்கிளைத் தயார் செய்தல்

விலை கூடிய சைக்கிள் தேவையில்லை. முன் சஸ்பென்ஷன் உள்ள சாதாரண 21 கியர் சைக்கிள் இந்தப் பாதைகளுக்குப் போதும். பின்னாலும் சஸ்பென்ஷன் உள்ள மலிவுச் சைக்கிள்களை வாங்காதீர்கள். பாரம் கூடும், மிதிக்கும் பலத்தில் ஒரு பங்கை ஸ்பிரிங் விழுங்கும், வயல் வீதிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

சீற்றின் உயரத்தைச் சரிசெய்யுங்கள். சீற்றில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வையுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். அப்படியானால் முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் சற்று மடிந்து நிற்கும். ஊரில் பாதிப்பேர் சீற்றைத் தாழ்த்தி வைத்து, முழங்கால் நெஞ்சில் இடிக்க ஓடிவிட்டு "முழங்கால் நோகுது" என்பார்கள்.

அடுத்தது ரயர் காற்று. நீங்கள் 70 கிலோ அளவில், ரயர் 2.1 அங்குல அகலம், உள்ளே ரியூப் என்றால், தார் வீதிக்கு 40 பிஎஸ்ஐ, கிரவலுக்கு 30, மணல் கூடிய இடத்துக்கு 25. பின் சக்கரத்துக்கு இரண்டு மூன்று கூட்டி அடியுங்கள், பாரம் அங்கேதான் கூட. 25க்குக் கீழே இறக்கினால் கல்லில் மோதும்போது ரியூப் றிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கிப் பக்கம் பக்கமாக இரண்டு ஓட்டை விழும். பாம்பு கடித்தது போலிருக்கும். அழுத்தம் பார்க்கும் கருவி இல்லாதவர்கள் பெருவிரலால் அமத்திப் பாருங்கள்: தாருக்குக் கல் மாதிரி, கிரவலுக்குப் பழுக்கத் தொடங்கிய மாங்காய் மாதிரி.

இனி, நான் அவமானப்பட்ட விடயம்: வால்வு. தம்பலகாமத்தில் முதல் தடவை காற்றுப் போனபோது மரத்தடியில் ரியூப் ஒட்டுகிற ஒரு ஐயாவிடம் உருட்டிக்கொண்டு போனேன். ரியூப்பைத் தண்ணீர்ச் சட்டியில் அமத்தி, குமிழி வந்த இடத்தில் நெருப்புக்குச்சியைக் குத்தி அடையாளம் வைத்து, அரத்தால் சுரண்டி, பசை பூசி, அது உலரும்வரை ஊரில் யாருடைய பிள்ளை நான் என்று விசாரித்து, ஒட்டுப் போட்டு முடித்தார். பிறகு பம்பை எடுத்தார். அது பொருந்தவில்லை.

"தம்பி, இது கார் வால்வு. எங்கட பம் லுமாலாச் சைக்கிளுக்குத்தான் ஏறும்."

"அப்ப என்ன செய்யிறது ஐயா?"

"பெற்றோல் செட் மட்டும் உருட்டுங்கோ."

வெயிலில் உருட்டினேன். பழைய சைக்கிள்களில் இருப்பது உள்ளே சின்ன ரப்பர்க் குழாய் போட்ட ஒல்லி வால்வு; கிராமத்துப் பம் எல்லாம் அதற்குத்தான். நம்முடைய சைக்கிளில் இருப்பது மோட்டார் சைக்கிளில் உள்ளதைப் போன்ற தடித்த வால்வு. ஆகவே சொந்தமாகக் கைப்பம் ஒன்று பையில் இருந்தே ஆக வேண்டும். வாங்கும்போது உங்கள் வால்வில் மாட்டிக் காற்றடித்துப் பார்த்தே வாங்குங்கள். கடைக்காரர் "எல்லாத்துக்கும் சரிவரும்" என்பார். நம்பாதீர்கள்.

பைக்குள் என்ன இருக்க வேண்டும்

தண்ணீர் ஆளுக்கு 3 லீற்றர். ஒரு போத்தலில் ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த தூள்) கரைத்துக்கொள்ளுங்கள். பைக்கற்றில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில்தான், இன்னும் கெட்டியாகக் கரைத்தால் தாகம்தான் கூடும். மாற்று ரியூப் ஒன்று, ஒட்டுப் பெட்டி, ரயர் கழற்றும் நெம்பு இரண்டு, பம், ஆறு மூலைச் சாவிக் கட்டு. வாழைப்பழம், பேரீச்சம்பழம், கடலை. முழுக்கைச் சட்டை, தொப்பிக்கு மேல் ஹெல்மெட். ஆயிரம் ரூபாய்க்குச் சில்லறை, ஏனென்றால் வயற்கரைக் கடையில் ஐயாயிரத்தை நீட்டினால் தேத்தண்ணி கிடைக்காது. தொலைபேசியில் 1990 என்ற இலக்கத்தைப் பதிந்து வையுங்கள். அது சுவசெரிய அம்புலன்ஸ், கட்டணம் இல்லை.

புறப்படுவதற்கு முன் ஒரு மாலை பழகுங்கள்

கடற்கரையோரத்தில் மணல் மூடிய ஒழுங்கை ஒன்றைக் கண்டுபிடித்து ஒரு மணித்தியாலம் பழகினால் போதும். மணலுக்குள் போவதற்கு முன்பே கியரை இலகுவாக்கிவிடுங்கள். உள்ளே போன பிறகு மாற்றினால் செயின் இழுபட்டுக் கழரும். உடம்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, கைகளைத் தளர்த்தி, ஒரே சீராக மிதியுங்கள். முன் சக்கரம் அங்கும் இங்கும் ஆடும். அதை ஆட விடுங்கள். இறுக்கிப் பிடித்துத் திருப்பினால்தான் விழுவீர்கள். மிதிப்பதை நிறுத்தினாலும் விழுவீர்கள்.

கிரவலில் வேறு தொல்லை. ரக்டர் ஓடி ஓடி வீதி தகரக் கூரை போல வரிவரியாகிப் போயிருக்கும். சீற்றில் உட்கார்ந்தபடி போனால் பல் கிடுகிடுக்கும். பெடலில் சற்று எழும்பி நின்று முழங்காலை மடித்துக்கொண்டால் சைக்கிள் உங்களுக்குக் கீழே தானாகத் துள்ளிப் போகும். உதிரிக் கல்லில் முன் பிறேக்கை மட்டும் அமத்தாதீர்கள். பின் பிறேக்கை முதலில், முன் பிறேக்கை மெல்லச் சேர்த்து. வளைவுக்கு முன் வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் அல்ல.

முதல் பாதை: உப்புவெளி, சல்லி, நிலாவெளி

பழக்கமில்லாதவர்கள் இதில் தொடங்குங்கள். நகரத்திலிருந்து நிலாவெளி சுமார் 14 கிலோமீற்றர். பிரதான வீதி காப்பெட் (வழுவழுப்பான தார்) போட்டது, பஸ்கள் பறக்கும். அதனால் வீதியிலேயே போய் வீதியிலேயே வராமல், இடையிடையே கடல் பக்கமாகக் கிளைவீதிகளில் இறங்கி ஏறுங்கள். உப்புவெளி தாண்டியதும் இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களின் மயானம் வரும். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தைக் குண்டு வீசித் தாக்கின. அந்தக் காலத்து ஆட்கள் பலர் அங்கே கிடக்கிறார்கள். வெட்டிய புல்லும் வெள்ளைக் கற்களும், நல்ல நிழலும்.

பிறகு சல்லிக்குத் திரும்புங்கள். மீனவர் ஊர், கடலோரத்தில் முத்துமாரி அம்மன் கோயில். காலையில் போனால் கரைவலை இழுப்பதைப் பார்க்கலாம். வலைக் கயிறு மணலில் நீளமாகக் கிடக்கும், அதன் மேல் சைக்கிளை ஏற்றாதீர்கள். இறங்கி, தூக்கித் தாண்டுங்கள்.

கடற்கரையோரமாகவே ஓடலாமே என்று தோன்றும். நம்முடைய கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் இரண்டடி அளவுதான் வித்தியாசம், அதனால் ஈரமாய் இறுகிய மணல் ஒடுங்கிய கீற்றாகத்தான் கிடைக்கும். ஓடிப் படம் எடுக்க நல்லது. ஆனால் உப்பு செயினில் ஏறும். நான் ஒரு தடவைக்கு மேல் செய்யவில்லை.

சாம்பல்தீவுக்கு அப்பால் நிலம் விரியும். ஒரு பக்கம் பனை, மறு பக்கம் களப்பு. நிலாவெளியைக் கடந்தால் பெரியகரைச்சி, சின்னக்கரைச்சி என்று உவர்நீர்த் தரவைகள். கோடையில் வற்றி, ஓரத்தில் உப்புப் படிந்து கண் கூசும். அதன் மேல்தட்டு காய்ந்து இறுகியது போலத் தெரியும். உள்ளே கால் வைத்தால் கறுப்புச் சேறு. மாட்டுத் தடமும் ரக்டர்த் தடமும் உள்ள ஓரத்தை விட்டு உள்ளே போகாதீர்கள். இறக்கக்கண்டிப் பாலத்தடியில் நின்று காற்று வாங்கிவிட்டுத் திரும்புவது சரியான எல்லை. மொத்தம் 35 கிலோமீற்றர் அளவு வரும். அது கூடுதல் என்றால் சல்லியோடு திரும்புங்கள், ஒரு குறையும் இல்லை.

இரண்டாவது பாதை: கன்னியா, பெரியகுளம்

அநுராதபுரச் சந்தியிலிருந்து அநுராதபுர வீதியில் ஏறி, சுமார் 8 கிலோமீற்றரில் கன்னியா. இந்தக் கட்டுரையில் கொஞ்சமாவது ஏற்றம் உள்ள பாதை இதுதான், அதுவும் சின்னச் சின்ன மேடுகள். வெந்நீர்க் கிணறுகள் ஏழு. ஒன்றுக்கொன்று சூடு மாறும். ஆழம் இடுப்பளவுதான், குனிந்து வாளியால் அள்ளலாம். இராவணன் தாயின் ஈமக்கடனுக்காக ஏழு இடத்தில் வாளால் ஊன்றியதாக ஊர்க்கதை. அந்தியேட்டிக்கு ஆட்கள் இன்னும் வருவார்கள். சைக்கிள் ஓடிக் கொதித்த உடம்புக்கு வெந்நீர் எதற்கு என்று கேட்காதீர்கள். குளித்துப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

அங்கிருந்து உள்வீதியால் பெரியகுளம் பக்கம் போகலாம். காடும் வயலும் மாறி மாறி வரும். அங்கேயுள்ள வெல்கம் விகாரையை நம்மவர்கள் நாதனார் கோயில் என்பார்கள். சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் அங்கே கிடைத்தன. இராசராசப் பெரும்பள்ளி என்ற பெயர் அவற்றில் இருக்கிறது. தமிழ் எழுத்தில் பொறித்த, பௌத்தப் பள்ளிக்குக் கொடுத்த தானங்கள். குளக்கட்டில் உட்கார்ந்து அதை யோசிக்கலாம், காற்றும் நன்றாக வரும்.

ஆனால் இது யானை நடமாடும் பக்கம். வெயில் ஏறிய பின் போய், மாலை நான்குக்குள் பிரதான வீதிக்கு வந்துவிடுங்கள். தனியே போகாதீர்கள்.

மூன்றாவது பாதை: தம்பலகாமம்

ஒரே ஒரு பாதைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இங்கே போங்கள். மற்ற மூன்றையும் விட்டுவிடலாம்.

நகரத்திலிருந்து சுமார் 24 கிலோமீற்றர். கண்டி வீதியில் சீனக்குடா வழியாக லொறிகளோடு ஓடுவது எனக்குப் பிடிக்காது, உங்களுக்கும் நான் சொல்லமாட்டேன். இரண்டு மூன்று பேர் சேர்ந்து பட்டா என்கிற சின்ன லொறி ஒன்றைப் பிடித்துச் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு தம்பலகாமம் சந்தியில் இறங்குங்கள். ஒருவர்தான் என்றால், முன் சக்கரத்தைக் கழற்றினால் ஓட்டோவின் பின் சீற்றில் சைக்கிள் அடங்கும். கச்சான் காலத்தில் மட்டும், முதுகுக் காற்று கிடைப்பதால், திரும்பும் வழியை ஓடி வரலாம்.

சந்தியிலிருந்து உள்ளே திரும்பிய சில நிமிடங்களில் இரண்டு பக்கமும் வயல் விரிந்துவிடும். கண்ணுக்கு எட்டிய தூரம் வெளி, நடுநடுவே தென்னைக்கூட்டம், அதற்குள் வீடுகள். இந்த வயல்களுக்குத் தண்ணீர் கந்தளாய்க் குளத்திலிருந்து வருகிறது. நம்முடைய மரபு அந்தக் குளத்தைக் குளக்கோட்டன் என்ற அரசன் பெயரோடு சேர்த்துச் சொல்லும்; சிங்கள வரலாறு 7ஆம் நூற்றாண்டு இரண்டாம் அக்கபோதி மன்னனைச் சொல்லும். 1986 ஏப்ரல் 20 விடியப்புறம் அந்த அணை உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வயதானவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இன்னும் அந்த இரவைச் சொல்வார்கள்.

முதல் நிறுத்தம் ஆதி கோணநாயகர் கோயில். 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தபோது காப்பாற்றிக் கொண்டுபோன திருவுருவங்கள் கடைசியில் இங்கே வந்து சேர்ந்ததாக வழிவழிச் செய்தி. சைக்கிளை வீதியோரம் மர நிழலில் விட்டுவிட்டுச் செருப்பைக் கழற்றுங்கள். அரைக் காற்சட்டையோடு உள்ளே போக வேண்டாம். பையில் ஒரு சாரம் மடித்து வைத்தால் பத்து இடத்தில் உதவும்.

கோயிலடியிலிருந்துதான் உண்மையான ஓட்டம். வாய்க்கால் கரை வீதிகளைப் பிடியுங்கள். எதைப் பிடிப்பது என்பதற்கு என் விதி: நடுவில் புல், இரண்டு பக்கமும் ரக்டர்ச் சில்லுத் தடம் இருந்தால் நல்ல வீதி, எங்கேயாவது போய்ச் சேரும். ஒற்றைத் தடம் மட்டும் என்றால் அது யாரோ ஒருவருடைய வயலின் வரம்பில் முடியும். வரம்பில் சைக்கிள் ஏறக் கூடாது. ஈர வரம்பு ஒரு சில்லுக்கு உடைந்தால் அந்தப் பாத்தியின் தண்ணீர் அடுத்தவன் வயலுக்குப் போய்விடும், பிறகு சண்டை உங்களால் வந்ததாக இருக்கும்.

வாய்க்காலுக்கு இடப்புறமாக ஓடினால் துருசு (மதகு) வரும் இடங்களில் ஒடுங்கிய சீமெந்துக் கட்டு இருக்கும். ஓடிக் கடக்காதீர்கள், இறங்கி உருட்டுங்கள். நாரையும் கொக்கும் நிற்கும், ரக்டருக்குப் பின்னால் நூற்றுக்கணக்கில் நடக்கும். இடையில் வழி தவறினாலும் பயமில்லை. வெளி திறந்தது, கோயில் பக்கத்துத் தென்னைகள் தெரிந்துகொண்டே இருக்கும். வழி கேட்டால் "ரெண்டு கட்டை போகோணும்" என்பார்கள். கட்டை என்றால் மைல். இரண்டு கட்டை மூன்றேகால் கிலோமீற்றர். கிலோமீற்றர் என்று நினைத்துத் தண்ணீரைக் குடித்து முடித்தவர்கள் உண்டு.

நான் வழமையாகப் போகும் சுற்று 14 கிலோமீற்றர், நின்று நின்று இரண்டரை மணித்தியாலம். முடிவில் எருமைத் தயிர். சட்டியோடு வாங்கி, பாணியோ சீனியோ போட்டு, நிழலில் இருந்து சாப்பிடுங்கள். முழுச் சட்டியையும் ஓட்டத்துக்கு முன் சாப்பிட்டுவிட்டு ஓடப் பார்த்த நண்பன் ஒருவன் இருக்கிறான், அவனுடைய கதை இங்கே வேண்டாம்.

பங்குனியில் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அறுவடை முடிந்ததும் நெல்லை வீதியில் பரப்பிக் காயவிடுவார்கள், சில இடத்தில் காப்பெட் வீதியின் பாதி நெல்லாகத்தான் இருக்கும். அதன் மேல் ஓடினால் வழுக்கும், திட்டும் கிடைக்கும். அறுத்த வயலுக்குள் குறுக்கே போகவும் கூடாது. அங்கேதான் எனக்கு ஒரே நாளில் நான்கு தடவை காற்றுப் போனது. வேலை பார்த்தது நெருஞ்சி. அதன் காய் உதிரும்போது ஐந்து துண்டாகும், ஒவ்வொன்றிலும் இரண்டு பெரிய முள். எப்படி விழுந்தாலும் ஒரு முள் வானத்தைப் பார்த்து நிற்கும். மாசிக்குப் பிறகு வீதியோரங்களிலும் அது காய்ந்து கிடக்கும். ஆகவே சைக்கிளை ஓரத்துப் புல்லில் சாய்த்து வைக்காதீர்கள். வீதியின் நடுத் தடத்திலேயே ஓடுங்கள். ரியூப்புக்குள் ஊற்றும் ஓட்டை அடைக்கும் திரவம் நகரத்தில் கிடைக்கும். நெருஞ்சிக்கு அது நன்றாக வேலை செய்கிறது.

நான்காவது பாதை: மூதூர், சேனையூர், சம்பூர்

2009 ஒக்ரோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரை கிண்ணியாவுக்குப் போகத் தோணிப்பாதைக்குக் காத்திருக்க வேண்டும். இப்போது 396 மீற்றர் நீளப் பாலத்தில் காற்று வாங்கிக்கொண்டு போகலாம். அங்கிருந்து மூதூர் வரை உப்பாறு, கங்கை, இறால்குழி என்று வரிசையாகப் பாலங்கள். கங்கை என்றால் நம்முடைய மகாவலிதான். மூதூர் வரை வாகனத்தில் போய் அங்கே சைக்கிளை இறக்குவது நல்லது.

மூதூரிலிருந்து கட்டைபறிச்சான், சேனையூர் வழியாகச் சம்பூர் போய் வர 20 கிலோமீற்றர் அளவு. முழுக்கத் தட்டை. கட்டைபறிச்சான் பாலத்தடியில் கண்டல் மரங்களும் தூண்டிலோடு பிள்ளைகளும். 1660இல் றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயன் இந்தக் கொட்டியாரக் குடாவில் வந்திறங்கித்தான் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டான். கிட்டத்தட்ட இருபது வருடம் திரும்பிப் போக முடியவில்லை. சம்பூர் மக்கள் 2006இல் இடம்பெயர்ந்து, பெரும்பாலானோர் 2015க்குப் பிறகே திரும்பி வந்தார்கள். புது வீடு, பழைய கிணறு, வேலியில்லாத வளவு என்று கலந்து தெரியும். படம் எடுக்கும் முன் கேளுங்கள்.

மூதூரிலும் கிண்ணியாவிலும் கடையில் "நானா, ஒரு பிளேன்ரீ" என்றால் வழியும் சேர்த்துச் சொல்வார்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் கடைகள் பூட்டியிருக்கும், நோன்பு மாதத்தில் பகலில் சாப்பாட்டுக் கடைகளும் அப்படித்தான். அந்த நாட்களில் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள். ஆட்கள் பார்க்கத் தண்ணீர் குடிக்காமல் மறைவாக ஒதுங்குவது மரியாதை.

யானை, மிதிவெடி, நாய்

வீதியில் புதிதாக ஈரமான யானைப் பிண்டம் கிடந்தால் திரும்பிவிடுங்கள். "அந்தப் பக்கம் போயிருக்கும்" என்ற ஊகம் வேண்டாம். யானை நேரே நின்றால் மணி அடிக்காமல், கத்தாமல், மெல்லப் பின்வாங்கித் திரும்புங்கள். காலை ஆறுக்கு முன்னும் மாலை ஐந்தரைக்குப் பின்னும் காட்டோர வீதிகளில் இருக்கவே கூடாது. மின்சார வேலியைத் தொடாதீர்கள், திறந்த படலையைத் திறந்தபடியும் பூட்டிய படலையைப் பூட்டியும் விடுங்கள்.

போர் நடந்த மாவட்டம் இது. மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை எங்கே நின்றாலும் அதற்கு அப்பால் ஒரு அடியும் வேண்டாம். பலகை இல்லாத இடத்திலும், ஆட்கள் ஓடும் தடத்தை விட்டுப் பற்றைக்குள் சைக்கிளை இறக்காதீர்கள். ஒன்றுக்குப் போவதாக இருந்தாலும் வீதியோரமே போதும்.

நாய் துரத்தினால் வேகமாக ஓட நினைப்பீர்கள். நின்று, இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு "அடிக்" என்று அதட்டுங்கள். பெரும்பாலான நாய்களுக்கு அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியாது. எருமைக்கூட்டம் வீதியை மறித்தால் பின்னால் வரும் ஆள் வரும்வரை காத்திருங்கள். குளத்தில் இறங்கிக் குளிக்க ஆசை வந்தால் முதலில் ஊரவர் குளிக்கும் துறை எது என்று கேளுங்கள். முதலை இல்லாத குளம் என்று யாராவது உறுதி சொன்னாலும் ஆழத்துக்குப் போக வேண்டாம்.

தலையிடி, குளிர் போலச் சிலிர்ப்பு, வியர்வை நிற்பது, பேச்சுக் குழறுவது என்று வந்தால் அது வெயில் தாக்கியது. உடனே நிழலுக்கு இழுத்து, சட்டையைக் கழற்றி, தலை, கழுத்து, கக்கம் எல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். வயலில் எங்கே பார்த்தாலும் வாய்க்கால் ஓடும், தண்ணீருக்குப் பஞ்சமில்லை. ஊற்றிக்கொண்டே 1990க்கு எடுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

கடற்கரைப் பக்கம் போய் வந்தால் அன்றே நல்ல தண்ணீரில் கழுவி, செயினைத் துணியால் துடைத்து, உலர்ந்த பின் இரண்டு மூன்று துளி எண்ணெய். தேங்காயெண்ணெய் வேண்டாம், மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நிறைய எண்ணெய் விடுவதும் அப்படித்தான்.

பிறகு சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றி, ரயரில் குத்தி நிற்கும் நெருஞ்சியைத் தேடுங்கள். ஓட்டம் முடிந்த அன்று காற்று இறங்கியிருக்காது, முள்ளே ஓட்டையை அடைத்துக்கொண்டு நிற்கும். அடுத்த நாள் காலை வாசலில் சைக்கிள் றிம்மில் நின்றால்தான் தெரியும். அதனால் முள்ளை இரவே பிடுங்குங்கள், ஸ் என்ற சத்தம் வந்தால் ஒட்டுப் பெட்டியை எடுங்கள். பக்கத்து வீட்டு ஐயா விடியற்காலையில் எழும்பிப் பார்ப்பதற்கு முன் வேலை முடிந்திருக்கும்.